கல்லாங்குத்து என்று எழுதிய நிலம்

மதுரைப் பக்கத்து வருவாய்ப் பதிவேடுகளில் "கல்லாங்குத்து" என்று ஒரு சொல் உண்டு. ஏர் ஓடாத, வரி விதிக்க வழியில்லாத, கல்லும் முள்ளும் மண்டிய மேட்டு நிலத்துக்கு அந்தப் பெயர். ஊர் நிலங்களின் அடிப்படைக் கணக்கான அ-பதிவேட்டில் சர்வே எண்ணையும் பரப்பையும் எழுதி, வகைப்பாட்டில் "அரசு புறம்போக்கு" என்று போட்டு, எதிரே கல்லாங்குத்து, பாறை, கரடு, ஓடை, மேய்க்கால், வண்டிப்பாதை என்று ஏதேனும் ஒரு சொல்லை நிரப்பிவிட்டால், அந்த நிலத்தைப் பற்றி அரசுக்குத் தெரிய வேண்டியது முடிந்துவிடும். 1984-இல் நில அளவராகச் சேர்ந்து 2020-இல் ஓய்வு பெற்ற நான், மேலூர், நத்தம், வாடிப்பட்டி, உசிலம்பட்டி வட்டாரங்களில் அந்தச் சொல்லை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. எங்கள் பகுதியில் அருகிவரும் உயிரினங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தபோது முதலில் நினைவுக்கு வந்ததும் இந்தச் சொல்தான். ஓய்வுக்குப் பிறகு நான் தேடிப் போய்ப் பார்த்த, எறும்புத்தின்னி என்கிற அழுங்கும் தேவாங்கும் வல்லூறும் பெரும்பாலும், "இங்கே ஒன்றுமில்லை" என்ற பொருளில் நானும் என்னைப் போன்றவர்களும் எழுதிவைத்த நிலத்தில்தான் இருந்தன.

புறம்போக்கு என்றால் வரிக் கணக்குக்குப் புறத்தே கிடப்பது, அவ்வளவுதான். ஆனால் அந்த நிலம் ஊர் வாழ்க்கைக்குப் புறத்தே கிடந்ததில்லை. கண்மாயும் அதன் நீர்ப்பிடிப்பும், மாடு கூடும் மந்தையும், சுடுகாடும், சாமிக்கு விட்ட காடும், ஆடு மேயும் கரடும் எல்லாமே புறம்போக்குதான். தீர்வை வசூலிக்க வந்த கிழக்கிந்தியக் கும்பினியின் கண்ணுக்கு அவை வீண் நிலமாகத் தெரிந்தன. அந்தக் கண்ணாடியை அப்படியே வாங்கி நாங்களும் மாட்டிக்கொண்டோம். இன்று "புறம்போக்கு" என்பது தெருச் சண்டையில் ஒருவரைத் திட்டும் சொல். ஒல்லியாக, கண் மட்டும் பெரிதாக இருக்கிற பையனைத் "தேவாங்கு" என்று கேலி செய்வதையும் எல்லோரும் கேட்டிருப்போம். நிலமும் வசை, அதில் வாழும் விலங்கும் வசை என்றால், இரண்டும் சேர்ந்து காணாமல் போகும்போது யாருக்கும் உறைக்காததில் வியப்பில்லை.

1986-ஆம் ஆண்டு ஆடி மாதம் என்று நினைவு. நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின் வேலை, எங்கள் பேச்சில் யூ.டி.ஆர்., மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. வெயில் ஏறுவதற்குள் அளந்து முடித்துவிட வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே சங்கிலியும் குறுக்குக்கோலும் புலப்படக் கட்டுமாகப் புறப்பட்டுவிடுவோம். அன்று மேலூருக்குக் கிழக்கே ஒரு கரட்டின் அடிவாரம். ஊர்ப் பெயர் வேண்டாம், அதற்கான காரணம் கடைசியில் வரும். முன்னால் போன தலையாரிப் பெரியவர் சட்டென்று நின்றார். வண்டிப்பாதையின் நடுவே சிறிய பலாக்காய் அளவில் ஓர் உருண்டை கிடந்தது. குனிந்து பார்த்தேன். வைக்கோல் நிறத்தில், ஓரங்கள் தேய்ந்து மண் அப்பிய செதில்கள், ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. இரண்டு செதில்களுக்கு நடுவே ஓர் எறும்பு நுழைந்து வேறொரு பக்கம் வெளியே வந்தது. உருண்டை மெல்ல விரிந்து சுருங்கியபோதுதான் அது மூச்சு விடுகிறது என்று தெரிந்தது.

"அழுங்கு, சார். விரலை விட்றாதீங்க, வாலுக்குள்ள மாட்டுச்சுன்னா நசுக்கிப்புடும்" என்றார் பெரியவர்.

சங்கிலி பிடிக்க வந்த இருவரில் ஒருவர் தோளில் கிடந்த சாக்கை விரித்து, காலால் உருட்டி, அதை உள்ளே தள்ளிக் கட்டிவிட்டார். என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "கறி நமக்கு. ஓட்டுக்கு ஆள் இருக்கு சார், மூலத்துக்கு நல்லதுன்னு மோதிரம் போடுவாக" என்று பதில் வந்தது. எனக்கு அப்போது 24 வயது. அரசு ஊழியன், சட்டைப் பையில் பேனா வைத்திருப்பவன், "அவிழ்த்து விடுங்கள்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். சொல்லவில்லை. வேலை முடிய வேண்டுமே என்ற எண்ணம்தான் இருந்தது. நாள் முழுவதும் வேப்ப மரத்தடியில் அந்தச் சாக்கு அசைந்துகொண்டே இருந்தது. மாலையில் முகாமுக்குத் திரும்பி, அந்தச் சர்வே எண்ணுக்கு எதிரே கல்லாங்குத்து என்று எழுதினேன். கையெழுத்து நன்றாகவே வந்திருந்தது.

அழுங்கின் தற்காப்பு முறை சிறுத்தைக்கும் கழுதைப்புலிக்கும் ஏற்றது. பல்லும் நகமும் அந்த ஓட்டில் ஏறாது. சாக்கோடு வருகிற மனிதனிடம் அதே முறை பொறியாகிவிடுகிறது. ஓடாமல், கடிக்காமல், தானே உருண்டையாகிக் கையில் கிடைக்கிற விலங்கு வேறெது? அதற்குக் கடிக்கப் பல்லும் கிடையாது. கறையான் புற்றை முன்னங்கால் நகத்தால் உடைத்து, பசை பூசினாற்போன்ற நீண்ட நாக்கால் துழாவி இழுத்து விழுங்கும். பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான். அதைத் தாய் வாலின்மேல் ஏற்றிச் சுமந்து திரியும். இப்படி நிதானமாகப் பெருகும் இனத்தில் இரண்டு மூன்றைப் பிடித்தாலே ஒரு கரடு வெறுமையாகிவிடும். அதன் செதில் நம் நகத்திலும் முடியிலும் இருக்கிற அதே கெரட்டின்தான். மூலத்துக்கு மருந்தென்று மோதிரம் செய்பவர் தம் நகத்தை வெட்டிக் கோத்துக்கொண்டாலும் அதே பலன்தான் கிடைக்கும். ஆனால் செதிலுக்கான பன்னாட்டுச் சந்தை இந்த எளிய உண்மையைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யூ.சி.என்.-இன் செம்பட்டியலில் இந்திய அழுங்கு "அழியும் நிலையில் உள்ளது" என்ற வகையில் இருக்கிறது. எட்டு வகை அழுங்குகளையும் கொண்டு நடக்கும் பன்னாட்டு வணிகத்தைத் தடுக்கும் முடிவு, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் 2016 ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் எடுக்கப்பட்டது. நம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் அழுங்கும் இருக்கிறது. வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறை. இந்தச் செய்தி எங்கள் கரட்டு ஊர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால், புலியைக் கொல்லக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும் என்றுதான் சொல்ல முடியும். அழுங்குப்பிடி, உடும்புப்பிடி என்று பிடிவாதத்துக்கு அந்த விலங்குகளின் பெயரை வைத்த மொழிக்காரர்கள் நாம். அவற்றின்மீது நமக்குத்தான் பிடி நழுவிவிட்டது.

தேவாங்கை நான் பார்த்தது வெகு காலம் கழித்து, 2023-ஆம் ஆண்டு மாசி மாதத்து இரவொன்றில். நத்தம் பகுதி அப்போது எனக்குப் புதிதில்லை. 1985-இல் திண்டுக்கல் மாவட்டம் தனியாகப் பிரியும் முன், அது மதுரை மாவட்டமாக இருந்தபோதே அங்கே அளந்திருக்கிறேன். ஆனால் பகலில் மட்டும். தெரிந்த ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர், "பகல்ல என்னத்தப் பாத்தீங்க, ராத்திரி வாங்க சார்" என்று அழைத்திருந்தார். டார்ச் விளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றி ரப்பர் போட்டிருந்தார். வெள்ளை வெளிச்சம் தேவாங்கின் கண்ணைக் கூசவைக்கும், சிவப்பு அவ்வளவாகப் பாதிக்காது. காப்புக்காட்டுக்குள் போவோம் என்று நினைத்தேன். அவர் என்னைக் கூட்டிப் போனது, இருபுறமும் கிளுவை வேலி அடர்ந்த பழைய வண்டிப்பாதை ஒன்றுக்கு. ஒரு பக்கம் மாந்தோப்பு, மறுபக்கம் அறுவடை முடிந்த சோளக்கொல்லை. கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு வேலிக்குள்ளிருந்து இரண்டு செந்தணல்கள் எங்களைப் பார்த்தன.

உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, விளக்குமாற்றுக் குச்சிபோல நான்கு கைகால்கள், வால் கிடையாது. முழுதாக வளர்ந்ததுகூட 300 கிராமைத் தாண்டுவது அரிது என்று படித்திருந்தாலும், நேரில் பார்க்கும்போது அந்த எடைகூட அதிகம் என்று தோன்றியது. ஒரு கையை எடுத்து அடுத்த கிளையை முழுதாகப் பற்றிய பிறகே பின்காலை விடுகிறது. கூரை வேய்பவர் வாரையின்மேல் நகர்வதைப் போன்ற நிதானம். பின்னங்கால்களால் கிளையைப் பிடித்துக்கொண்டு உடம்பை நீட்டி அசையாமல் நின்றது. அப்படியே உறைந்துவிட்டது என்று நினைத்த நொடியில் இரண்டு கைகளும் ஒன்றாகப் பாய்ந்தன. ஏதோ ஒரு வண்டு. தலையிலிருந்து தொடங்கி மென்று தின்றுவிட்டு, தன் மூத்திரத்தைக் கையில் பட விட்டுத் தேய்த்துக்கொண்டது. நான் முகம் சுளித்ததைப் பார்த்துக் காவலர் சிரித்தார். கடிக்கிற எறும்பையும் நாறுகிற பூச்சியையும் தின்கிற விலங்குக்கு அது தேவைப்படுகிறது என்று ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொல்கிறார்கள். 1990-களின் இறுதியில் இதே திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூர்க் காட்டில் மாதக்கணக்கில் இரவுகளைக் கழித்து ஆராய்ந்தவர் அன்னா நெக்காரிஸ். தேவாங்கின் உணவு ஏறக்குறைய முழுவதும் பூச்சிகள்தான் என்பதும், தனியன் என்று கருதப்பட்ட அது பகலில் கூட்டமாகக் கட்டிக்கொண்டு உறங்குகிறது என்பதும் அப்படித்தான் வெளியே தெரியவந்தன. உழவனுக்குக் கூலி கேட்காமல் இரவெல்லாம் பூச்சி பொறுக்கும் ஆள் இது. அதற்கு நாம் செய்த மரியாதை, அதன் கண்ணை எடுத்து வசிய மை செய்யலாம் என்று நம்பியதும், கூண்டில் அடைத்துச் சீட்டு எடுக்க வைத்து ஜோசியம் பார்த்ததும்தான்.

2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது. கடவூர், வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களின் காடுகள் அதில் அடங்கும். மனதாரப் பாராட்ட வேண்டிய செயல். ஆனால் எல்லைக்கல் நட்டுப் பழகிய கை சும்மா இருக்காது அல்லவா? அந்த எல்லை பெரும்பாலும் ஏற்கெனவே காப்புக்காடாக இருந்த நிலத்தைச் சுற்றியே போகிறது. நான் பார்த்த தேவாங்கு அதற்கு வெளியே, ஒரு தனியார் தோப்பின் வேலியில் இருந்தது. தேவாங்குக்குத் தாவத் தெரியாது. கிளையும் கிளையும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்கு வழி. கரட்டிலிருந்து தோப்புக்கும், தோப்பிலிருந்து ஓடைக்கரைக்கும், அங்கிருந்து காட்டுக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை நம் உயிர்வேலிகள்: கிளுவை, கள்ளி, உடை, கொடுக்காப்புளி, மேலே படர்ந்த பிரண்டையும் கோவையும். என் பணிக்காலத்திலேயே அந்த வேலிகள் போய்க் கல்லுக்காலும் முள்கம்பியும் வந்துவிட்டன. அதில் எனக்கும் பங்கு உண்டு. உயிர்வேலி ஆண்டுக்கு ஆண்டு பக்கத்து நிலத்துக்குள் தள்ளிக்கொண்டு வரும்; அளக்கப் போனால் வரப்புச் சண்டை. "வேலியை எடுத்துவிட்டுக் கம்பி போடுங்கள், பிரச்சினை தீரும்" என்று எத்தனையோ பேருக்கு நானே யோசனை சொல்லியிருக்கிறேன். பிரச்சினை தீர்ந்தது. தேவாங்குக்குத் தரையில் இறங்கி, நாயையும் சாலையையும் கடந்து போவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போனது.

வேலிக்கு நடந்ததே மலைகளுக்கும் நடந்தது, இன்னும் பெரிய அளவில். மேலூர் வட்டாரத்தில் கரடுகளும் கண்மாய்களும் கிரானைட்டுக்காகக் கரைந்த கதையை நான் விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தை விசாரணைக்கு நியமித்த பிறகு நாடே அறிந்த கதை அது. அதில் யாரும் கணக்கெடுக்காத ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு குன்றின் செங்குத்தான முகத்தில் மழை வடியும் கோடுகளுக்கு நடுவே ஒரு முழ அகலத்துக்கு விளிம்பு இருக்கும். வல்லூறு தானாகக் கூடு கட்டாது. அப்படிப்பட்ட விளிம்பிலோ, வேறு பறவை விட்டுப்போன கூட்டிலோ முட்டையிடும். குன்றை அறுத்து எடுத்தால் கல் விற்பனைக்குப் போகிறது. அந்த விளிம்பு எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

அரிட்டாபட்டி தப்பித்தது. ஏழு குன்றுகள், 72 குளங்கள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள், சுமார் 250 வகைப் பறவைகள் என்று அரசே பட்டியலிட்டிருக்கும் ஊர் அது. கழிஞ்சமலையில் தமிழி கல்வெட்டும் சமணர் படுக்கையும் சிவனுக்குக் குடைவரையும் உண்டு. லகார் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு என்று மூன்று வேட்டைப் பறவைகள் அங்கே உள்ளன. இவற்றில் லகார் வல்லூறு உலக அளவிலேயே அச்சுறுத்தலை நெருங்கிய நிலையில் இருக்கிறது. வெட்டவெளியில் பறவையையும் ஓணானையும் எலியையும் பிடித்து வாழும் இனம். பூச்சிக்கொல்லி அதன் இரை வழியாக அதன் உடம்புக்குள் ஏறுகிறது. பெரிய வல்லூறுகளைப் பிடிக்க இதை இரைப்பறவையாகக் கட்டிவைக்கும் வழக்கமும் வடமேற்கில் இருந்திருக்கிறது. ஒரு மார்கழிக் காலையில் குடைவரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். மாடப்புறாக் கூட்டமொன்று காரணமில்லாமல் எழுந்து, ஒரே துணியை உதறினாற்போல ஒருபக்கமாகச் சாய்ந்து திரும்பியது. அதற்குப் பிறகுதான் மேலே இருந்த கரும்புள்ளி என் கண்ணில் பட்டது. புறாக்கள் என்னைவிட முன்பே அளந்துவிட்டிருந்தன.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி இப்படி அறிவிப்பதற்கு அந்த நிலம் காடாக இருக்க வேண்டியதில்லை. மக்கள் புழங்கும் நிலமாகவே இருக்கலாம் என்பது இந்த ஏற்பாட்டின் சிறப்பு. இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், அந்த 193-ஐயும் உள்ளடக்கிய 2,015.51 ஹெக்டேர் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போன செய்தி வந்தது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த மாதத்தின் பிற்பகுதியில் மத்திய அரசு, பல்லுயிர்த் தலத்தை மட்டும் விலக்கித் தொகுதியின் எல்லையை மறுபடி வரையறுக்க முடியுமா என்று ஆராயும்படி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைக் கேட்டுக்கொண்டது. நில அளவர் என்ற முறையில் எனக்கு மிகவும் பழக்கமான தீர்வு அது: சர்ச்சைக்குரிய உட்பிரிவைத் தனியாக வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை நடத்திக்கொள்வது. மேலூர்ப் பக்கத்து மக்கள் அதை ஏற்கவில்லை. வல்லூறு 193 ஹெக்டேருக்குள் உட்கார்ந்திருக்கலாம், இரை தேடுவது சுற்றியிருக்கும் வயலிலும் கண்மாயிலும்தான் என்பதைத் தரவுகளோடு அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள்; தண்ணீர் எந்தக் குன்றிலிருந்து எந்தக் கண்மாய்க்கு வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியும், அது போதும். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் முழுவதுமாக ரத்து செய்யப்பட்டது. இந்தப் பக்கத்தில் ஓர் எல்லைக்கோடு மக்கள் நடந்ததால் அழிந்ததை என் வாழ்நாளில் நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

சிறிய இடங்களும் இருக்கின்றன. 2025 மார்ச்சில் நத்தம் அருகே காசம்பட்டியின் வீர கோயில் காடு, வெறும் 4.97 ஹெக்டேர், மாநிலத்தின் இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. சாமி கண்ணைக் குத்தும் என்ற பயத்தில் ஒரு கிளைகூட ஒடிக்காமல் தலைமுறைகள் காத்த காடு. மதுரையிலிருந்து சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் போகும் வழியில் வேட்டங்குடிக்கும் கொள்ளுகுடிப்பட்டிக்கும் போனால், கண்மாய்க் கருவேலமரங்களில் கூடு கட்டும் நாரைகளுக்கும் அரிவாள் மூக்கன்களுக்கும் அதிர்ச்சி ஆகாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்களைப் பார்க்கலாம். அது 1977-இலேயே சரணாலயமாகிவிட்டது. ஊர்க்கட்டுப்பாடு அதற்கும் முந்தியது.

காட்டுக்குள் இருக்கும் உயிர்களின் நிலைமை வேறு. பேரையூர் வட்டத்துச் சாப்டூர் மலைப்பகுதி, 1988-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் நரை அணில் சரணாலயத்தின் ஒரு பகுதி. 2021-இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆயிற்று. அங்கே அணிலுக்குப் புலியின் பெயரால் ஆளும் வண்டியும் கேமராவும் பணமும் கிடைக்கின்றன. சதுரகிரிக்கு ஏறுகிற கூட்டம் விட்டுவரும் குப்பையை மன்னித்துவிட்டால், குறை சொல்ல அதிகமில்லை. கல்லாங்குத்துக்கு அப்படி எந்தப் புலியும் கிடையாது. ஆட்சியர் அலுவலகக் கட்டடமா, குப்பைக் கிடங்கா, தொழிற்பேட்டையா, துணைமின் நிலையமா, எது வந்தாலும் முதலில் கேட்கப்படும் கேள்வி "பக்கத்தில் புறம்போக்கு எவ்வளவு இருக்கிறது?" என்பதுதான், அந்தப் பட்டியலை எடுத்துக் கொடுத்தவனும் நான்தான். இது எங்கள் மாவட்டத்துப் பழக்கம் மட்டுமில்லை. 2000-ஆம் ஆண்டு முதல் மத்திய அரசு வெளியிட்டுவரும் தரிசு நில வரைபடத் தொகுதியிலேயே புதர்க்காடும் பாறை நிலமும் வீண்நிலத்தின் வகைகளாகத்தான் வருகின்றன.

இன்னொரு ஆபத்து நல்ல மனதோடு வருகிறது. விடுமுறை நாளில் பேருந்து பிடித்து வந்து, கரட்டின்மேல் குழி வெட்டி, ஆயிரம் மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மரமில்லாத நிலம் என்றால் ஏதோ குறைபட்ட நிலம் என்ற எண்ணம். புல்லும் சூரைமுள்ளும் கறையான் புற்றும் நிறைந்த அந்த வெளிதான் வானம்பாடிக்கும் கௌதாரிக்கும் உடும்புக்கும் நட்சத்திர ஆமைக்கும் வீடு என்று சொன்னால், "மரம் நடுவதை எதிர்க்கிற முதல் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னார். நான் எதிர்க்கவில்லை. குழி வெட்டும் முன்பு, அங்கே ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்று ஒருமுறை குனிந்து பார்க்கச் சொல்கிறேன். நட்சத்திர ஆமையை அப்படிக் குனிந்து பார்ப்பவர்கள் இப்போது கடத்தல்காரர்கள் மட்டும்தான். அழுங்குக்கு வந்த அதே வணிகத் தடை அதற்கும் 2019-இல் வந்தது.

பல்லுயிர்ச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி வேறொன்று. ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை எழுத வேண்டும் என்கிறது அது. நாங்கள் எழுதிய அ-பதிவேட்டுக்கு எதிராக, அதே நிலத்துக்கு இன்னொரு பதிவேடு! ஆனால் எனக்குப் பார்க்கக் கிடைத்த இரண்டு ஊராட்சிப் பதிவேடுகளில், காகம், மைனா, கிளி என்று தொடங்கும் பட்டியல் ஒன்றுபோலவே இருந்தது. கௌதாரியின் எழுத்துப்பிழைகூட ஒரே இடத்தில் ஒரே மாதிரி. யாரோ ஓரிடத்தில் உட்கார்ந்து பல ஊருக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதைக் கண்டு கொதிக்க எனக்கு அருகதை இல்லை. நானும் குன்றைச் சுற்றி வராமலேயே "கரடு" என்று எழுதியிருக்கிறேன்.

ஆகவே, அந்தப் பழைய ஊருக்கே போனேன். 1986-இல் சாக்குக் கட்டிய ஊர். அங்கே குழுவில் இருப்பவர்கள் பதிவேட்டை முறையாகத் திருத்தி எழுத விரும்பினார்கள். புலப்படம் பார்க்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. தலையாரிப் பெரியவர் இப்போது இல்லை. அவருடைய மகன் ஆடு மேய்க்கிறார், ஐம்பதைத் தாண்டியவர், கரட்டின் ஒவ்வொரு பொந்தும் அவருக்குத் தெரியும். நான்கு மாதங்கள் நடந்தோம். சர்வே எண் வாரியாகத் தாள் வைத்து, எந்த வேலியில் என்ன மரம், எந்தச் சுனையில் எந்த மாதம்வரை தண்ணீர், எந்தப் பாறையில் எந்தப் பறவை என்று எழுதினோம். கல்லாங்குத்து என்ற ஒரு சொல்லுக்கு எதிரே பதினோரு பக்கம் நிறைந்தது. உடும்பு, மண்ணுளிப் பாம்பு, கீரி, முள்ளெலி, ஆள்காட்டி, பூமன் ஆந்தை என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெயர் தெரியாததை அவர் கத்திக் காட்டினார்.

தை மாதம் ஒருநாள் காலையில் என்னைக் கரட்டின் பின்புறம் கூட்டிப் போனார். ஆளுயரக் கறையான் புற்று ஒன்றின் அடிப்பக்கம் உடைந்திருந்தது. உடைந்த மண் இன்னும் ஈரமாக, கருஞ்சிவப்பாக இருந்தது. கறையான்கள் அவசர அவசரமாக ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தன. மண்ணில் ஆழமாக மூன்று கீறல்கள், பக்கத்தில் புழுதியில் வால் இழுத்த தடம். "ராத்திரி வந்திருக்கு சார்" என்றார். சற்றுத் தள்ளி, பாறைக்கடியில் வளை வாய். எதிரே குவிந்திருந்த மண் புதிது. இருவரும் நெடுநேரம் அங்கே நின்றோம். சாக்கைப் பற்றி அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது இருந்திருக்கும், அன்று வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பது அவருக்கு நினைவிருக்கலாம்.

பையிலிருந்து தாளை எடுத்தேன். இனம் என்ற கலத்தில் அழுங்கு என்று எழுதினேன். பார்த்த நாள், அடையாளம், பார்த்தவர் பெயர் எல்லாம் எழுதியாயிற்று. அடுத்த கலத்துக்குப் பேனா போனபோது அவர் என் கையைப் பார்த்தார். "சார், இந்தப் புத்தகத்தை யாரெல்லாம் படிப்பாங்க?" என்று கேட்டார். பதிவேடு ஊராட்சி அலுவலகத்தில் இருக்கும், நகல் மாவட்டத்துக்குப் போகும், கேட்டால் யாருக்கும் காட்டத்தான் வேண்டும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வளையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தாறு ஆண்டுகளில் ஒரு புலப்படத்திலும் நான் எண் போடாமல் விட்டதில்லை. அந்தத் தாளில் சர்வே எண் என்ற கலம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.